எக்ஸிமாவுக்குச் சீனக் கஷாயம் குடித்தேன்

சீன மருந்து சாப்பிட்டால் எக்ஸிமா என்கிற கரப்பான் நோய் போகுமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, எந்தச் சீன மருந்து என்றுதான். பதிவு பெற்ற மருத்துவர் நாடி பார்த்து எழுதிக்கொடுக்கும் மூலிகைப் பொட்டலமா? கடையில் பெட்டியோடு விற்கும் மாத்திரையா? யாரோ பயணம் போன இடத்தில் வாங்கி வந்த, பேர் விவரம் எதுவும் இல்லாத களிம்பு டப்பாவா? மூன்றையும் ஒரே பேரில் சொல்லிவிடுகிறோம். முதலாவதை நான் ஒரு வருடத்துக்கு மேல் சாப்பிட்டேன், எனக்குப் பலன் கிடைத்தது. மூன்றாவது என்ன செய்யும் என்பதை எனக்கு ரொம்பப் பிரியமான ஒரு குழந்தையின் முகத்தில் பார்த்தேன். அதனால் இரண்டையும் சேர்த்தேதான் சொல்ல வேண்டும்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் கரப்பான் உண்டு. ஊர் கும்பகோணம் பக்கம். பாட்டி அருகன் தைலம் தடவிவிடுவார். கத்திரிக்காயும் கருவாடும் என் தட்டுக்கு வராது. வளர வளரக் குறைந்து, கல்லூரி நாட்களில் ஏறக்குறைய மறந்தே போயிருந்தேன். கல்யாணமாகிச் சிங்கப்பூர் வந்த பிறகு திரும்பக் கிளம்பியது. இந்த முறை கையிலும் கழுத்திலும். வெளியே இறங்கினால் வேர்வை, அலுவலகத்தில் உலர்த்தி எடுக்கும் ஏசி, வீட்டுக்கு வந்தால் பாத்திரம் தேய்க்கும் சோப்பு. இந்தோனேசியாவிலிருந்து புகைமூட்டம் வரும் மாதங்களில் இன்னும் மோசம்.

தோல் மருத்துவர் கொடுத்த சிகிச்சையில் எந்தக் குறையும் இல்லை. ஸ்டீராய்டு களிம்பு, நாளுக்குப் பலமுறை மாய்ஸ்சரைசர், இரவு அரிப்புக்கு மாத்திரை. தடவினால் அடங்கும், நிறுத்திய சில வாரங்களில் திரும்ப வரும். இரவு மூன்று மணிக்கு என்னை அறியாமல் சொறிந்துகொண்டிருப்பேன், காலையில் தலையணை உறையில் ரத்தப் புள்ளிகள் இருக்கும். எக்ஸிமா உள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இல்லாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: இந்த நோயில் தோலைவிட முதலில் கெடுவது தூக்கம்தான்.

எங்கள் புளோக்கில் எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டிதான் பேச்சை எடுத்தார். லிஃப்டில் என் கையைப் பார்த்துவிட்டு, "ஒரு தடவை சின்சேகிட்ட காட்டும்மா" என்றார். சீன வைத்தியரைத்தான் இங்கே சின்சே என்பார்கள். கூடவே, "கடையில கேட்டு வாங்காதே, லைசென்ஸ் இருக்கிற டாக்டர்கிட்ட போ" என்றும் சொன்னார். இரண்டாவது வார்த்தைதான் பெரிய உதவி. மருந்துக் கடை கல்லாவில் நிற்பவர் பல வருட அனுபவசாலியாக இருக்கலாம், ஆனால் அவர் மருத்துவர் ஆகிவிட மாட்டார். சிங்கப்பூரில் 2000ஆம் ஆண்டே இதற்கெனத் தனிச் சட்டம் வந்துவிட்டது. சீன மருத்துவம் பார்ப்பவர் அதற்கான வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், நடப்புச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். பெயரை இணையத்தில் இருக்கும் பதிவேட்டில் தட்டிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். நான் பார்த்துவிட்டுத்தான் போனேன். நம்மவர்கள் அங்கே போகலாமா என்ற தயக்கம் சிலருக்கு உண்டு. தாராளமாகப் போகலாம். 1867இல் தொடங்கிய தொங் சாய் மருத்துவ நிலையம் இன, மத வேறுபாடு பார்க்காமல் எல்லோருக்கும் இலவசமாக வைத்தியம் பார்ப்பதையே கொள்கையாக வைத்திருக்கிறது.

நான் பார்த்த மருத்துவர் நடுவயதுப் பெண்மணி. உட்கார்ந்ததும் கையைப் பார்க்கவில்லை. தூக்கம் எப்படி, தாகம் எடுக்கிறதா, மலம் இளகலா இறுகலா, மாதவிலக்கு ஒழுங்கா, அரிப்பு எந்த நேரத்தில் கூடுகிறது என்று வரிசையாகக் கேட்டார். நாக்கை நீட்டச் சொல்லி ஓரத்தில் பதிந்திருந்த பல் தடத்தையும் மேலே படிந்திருந்த மஞ்சளையும் குறித்துக்கொண்டார். அப்புறம் இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார். சித்த வைத்தியத்தில் எண்வகைத் தேர்வு என்று நாடி, நா, நிறம், மலம், மூத்திரம் எல்லாம் பார்ப்பதைக் கேட்டு வளர்ந்தவளுக்கு அந்த அறையில் எதுவும் அந்நியமாகத் தெரியவில்லை. உடம்பில் ஈரமும் சூடும் சேர்ந்து தங்கியிருக்கிறது, அதன்மேல் காற்று அடிக்கிறது, அதனால்தான் அரிப்பு இடம் மாறி மாறி வருகிறது என்றார். முதலில் ஈரத்தையும் சூட்டையும் இறக்குவோம், தோல் உலர்ந்த பிறகு ரத்தத்துக்கு ஊட்டம் கொடுக்கும் மூலிகைக்கு மாறுவோம் என்றார். அதாவது ஒரே மருந்தை வருடக்கணக்கில் கொடுப்பது அவருடைய முறை இல்லை. சில வாரங்களுக்கு ஒரு முறை பார்த்து, பொட்டலத்தில் ஒன்றை எடுத்து இன்னொன்றைச் சேர்ப்பார்.

அதற்கு முன் அவர் கேட்ட கேள்விதான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வரக் காரணம். "உங்க தோல் டாக்டர் என்ன கொடுத்திருக்கிறார்? அதை நிறுத்திட்டீங்களா?" நிறுத்தவில்லை என்றேன். "நல்லது, நிறுத்த வேண்டாம். தோல் தேறத் தேற அவரே குறைக்கட்டும்" என்றார். சீன மருந்து ஆரம்பித்த அன்றே ஸ்டீராய்டு களிம்பைத் தூக்கி எறியச் சொல்கிற எவரிடமிருந்தும் எழுந்து வந்துவிடுங்கள். பல மாதம் தடவியதைத் திடீரென்று நிறுத்தினால் தோல் முன்னிலும் மோசமாகப் பற்றி எரியும். அதை "நச்சு வெளியேறுகிறது" என்று சொல்லிச் சமாளிப்பவர்களும் இருக்கிறார்கள்.

பொட்டலத்தை வீட்டில் சாப்பாட்டு மேசையில் விரித்துப் பார்த்தேன். பிசுபிசுவென்று கறுத்த வில்லைகள், அது ஷெங் தி ஹுவாங் என்ற கிழங்கு. சுருண்ட வெள்ளை வேர்ப்பட்டை, மூக்கருகே கொண்டுபோனால் ஆட்டு வாடை, அது பாய் ஷியான் பி. பொடிக் கதிர்களோடு ஜிங் ஜியே தண்டு, மஞ்சள் வில்லையாக கு ஷென். நடுவில் நாலைந்து முள்ளோடு ஒரு காய் கிடந்தது. கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது, நெருஞ்சி முள்! வெறுங்காலோடு வரப்பில் நடந்த எவருக்கும் அது மறக்காது. நம் ஊரில் நீர்க்கடுப்புக்கு ஊறப்போட்டுக் குடிக்கிற அதே நெருஞ்சிலை அங்கே காற்றை விரட்டி அரிப்பை அடக்கக் கொடுக்கிறார்கள். மஞ்சள் சீவல்களைக் கடித்துப் பார்த்தால் அதிமதுரம். தங்கப் பழுப்பு நிறத்தில், கால்களோடும் கண்களின் தடத்தோடும், உள்ளே ஒன்றுமே இல்லாத சின்னச் சின்னக் கூடுகளும் இருந்தன. சிள்வண்டு உரித்துப் போட்ட சட்டை. விரலில் வைத்து அழுத்தினால் மொறுமொறுவென்று நொறுங்குகிறது. தோலைக் கழற்றிப் போடும் பூச்சியின் சட்டை தோல் நோய்க்கு ஆகும் என்பது அவர்களுடைய பழைய நம்பிக்கை. சைவம் சாப்பிடுபவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சிள்வண்டுச் சட்டை, மண்புழு, சிப்பி ஓடு எல்லாம் சீன மருந்துச் சீட்டில் சாதாரணம். சொன்னால் செடி கொடியிலேயே மாற்று எழுதிக்கொடுப்பார்கள்.

எனக்கு எழுதியது ஷியாவ் ஃபெங் சான் என்ற பழைய மருந்து வாய்ப்பாட்டை அடிப்படையாகக் கொண்டது. சென் ஷிகொங் என்ற அறுவை மருத்துவர் 1617இல் எழுதிய நூலில் வருகிறது. அதில் எள்ளும் உண்டு.

காய்ச்சுவது ஒரு வேலை. மண் சட்டியோ கண்ணாடிப் பாத்திரமோ வேண்டும், இரும்பும் அலுமினியமும் கூடாது. மூலிகை மூழ்கி அதற்கு மேல் இரண்டு விரல் தண்ணீர் நிற்க வேண்டும். அரைமணி நேரம் ஊறவிட்டு, கொதி வந்ததும் தீயைக் குறைத்து இருபது முப்பது நிமிடம். நம் கஷாயம் மாதிரி நாலில் ஒன்றாகச் சுண்டவிடுவதில்லை. ஜிங் ஜியே மாதிரி வாசனையுள்ளதைக் கடைசி ஐந்து நிமிடத்தில்தான் போடுவார்கள், இல்லாவிட்டால் சத்து ஆவியோடு போய்விடும். வடித்துவிட்டு அதே மூலிகையில் இன்னொரு முறை தண்ணீர் ஊற்றிக் காய்ச்சி, இரண்டு வடிநீரையும் கலந்து, காலைக்கும் இரவுக்கும் பங்கிட வேண்டும். கு ஷென் இருந்தால் கசப்பைச் சொல்லி மாளாது. நிலவேம்புக் கஷாயம் குடித்துப் பழகிய எனக்கே முதல் மடக்கு தொண்டையில் நின்றது. ஆறவிடாமல் வெதுவெதுப்பாக ஒரே மூச்சில் குடித்துவிடுவது நல்லது. சாப்பாட்டுக்குப் பிறகு குடித்தால் வயிறு புரட்டாது. வேலைக்குப் போகிறவர்களுக்கு இப்போது குருணைப் பொடியாகவே கொடுக்கிறார்கள், வெந்நீரில் கலக்கிக் குடிக்கலாம். சில மாதத்துக்குப் பிறகு நானும் அதற்கு மாறிவிட்டேன்.

விலக்கு உணவுப் பட்டியல் கொடுத்தார்: இறால், நண்டு, ஆட்டிறைச்சி, மூங்கில் குருத்து, மது, காரம், பொரித்தது. அம்மாவிடம் போனில் வாசித்துக் காட்டினேன். "இதைத்தானேடி நான் இத்தனை வருஷமா சொல்றேன், கத்திரிக்காயை மட்டும் விட்டுட்டாங்க" என்றார். ஆனால் பட்டியலை வைத்துக்கொண்டு பிள்ளைகளைப் பட்டினி போடக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எந்த உணவு உண்மையிலேயே ஒத்துக்கொள்ளவில்லை என்பதை ஒவ்வொன்றாக விலக்கி, திரும்பச் சேர்த்து, எழுதி வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு இறால் ஒத்துக்கொள்ளவில்லை, ஆட்டிறைச்சியால் ஒன்றும் ஆகவில்லை. பாலும் முட்டையும் மீனும் நிறுத்தப்பட்டு எடை குறைந்த குழந்தைகளைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை.

முதல் இரண்டு வாரம் வயிறு இளகியதைத் தவிர ஒரு மாற்றமும் இல்லை. சொன்னதும் மருந்தின் அளவை மாற்றினார். ஒரு மாதம் கழித்து இரவு அரிப்பு தணிந்தது. விடிய விடியத் தூங்கிய முதல் இரவுக்குப் பிறகு உடம்பே வேறு மாதிரி இருந்தது. மூன்று நான்கு மாதத்தில் முழங்கை மடிப்பில் தடித்துப் போயிருந்த தோல் மெலிந்து பழைய ரேகைகள் தெரிய ஆரம்பித்தன. தோல் மருத்துவர் ஸ்டீராய்டை வாரம் இரண்டு நாளாகக் குறைத்தார். நோய் முழுக்கப் போய்விட்டதா என்றால், இல்லை. புகைமூட்ட நாட்களிலும் வேலைப் பளு ஏறும்போதும் இன்றும் எட்டிப்பார்க்கிறது. முன்பு மாதக்கணக்கில் நின்றது இப்போது சில நாளில் அடங்குகிறது.

இதில் கஷாயத்தின் பங்கு எவ்வளவு? எக்ஸிமா தானாகவே ஏறி இறங்குகிற நோய். நான் அந்த மாதங்களில் மாய்ஸ்சரைசரை ஒரு வேளைகூட விடவில்லை, பாத்திரம் தேய்க்கும்போது பருத்திக் கையுறைக்கு மேல் ரப்பர் கையுறை போட்டேன், நன்றாகத் தூங்கினேன். ஒருத்தியின் அனுபவத்தை வைத்து மருந்துக்குச் சான்றிதழ் கொடுக்க முடியாது. அதனால் ஆய்வுகளைத் தேடிப் படித்தேன்.

கதை லண்டனில் ஆரம்பிக்கிறது. 1980களின் கடைசியில் அங்குள்ள சைனாடவுனில் லுவோ திங்ஹுய் என்ற மருத்துவரிடம் கஷாயம் குடித்த எக்ஸிமா குழந்தைகள் தேறுவதைத் தோல் மருத்துவர்கள் கவனித்தார்கள். கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த டேவிட் ஆதர்டனும் மேரி ஷீஹனும் பத்து மூலிகை அடங்கிய வாய்ப்பாட்டை முறையாகச் சோதித்தார்கள். ஒரு பகுதிக்காலம் நிஜ மருந்து, இன்னொரு பகுதிக்காலம் அதே மாதிரி கசக்கும் போலி மருந்து. 1992இல் வந்த முடிவில், சோதனையை முடித்த 37 குழந்தைகளுக்குப் போலியைவிட நிஜ மருந்தில் தெளிவான முன்னேற்றம். பெரியவர்களிடமும் அப்படியே. அந்தப் பத்தில் நெருஞ்சிலும் அதிமதுரமும் உண்டு. ஆனால் 1999இல் ஹாங்காங்கில் அதே மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது போலியைவிட மேலான பலன் தெரியவில்லை. 2007இல் ஹாங்காங்கில் ஐந்து மூலிகைகள் கொண்ட கேப்ஸ்யூலை 85 குழந்தைகளிடம் 12 வாரம் சோதித்தார்கள். நோயின் தீவிர மதிப்பெண்ணில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் மருந்து சாப்பிட்ட குழந்தைகளுக்கு ஸ்டீராய்டு களிம்பின் தேவை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, அன்றாட வாழ்க்கை எளிதானது. 2011இல் தைவானில் ஷியாவ் ஃபெங் சானைக் கடுமையான எக்ஸிமா உள்ள 71 பேரிடம் 8 வாரம் கொடுத்துப் பார்த்ததில் நல்ல பலன். இப்படி வந்த ஆய்வுகளைத் திரட்டி 2013இல், மருத்துவ ஆய்வுகளைச் சீர்தூக்கிப் பார்க்கும் காக்ரேன் குழு மதிப்பிட்டபோது, பெரும்பாலான ஆய்வுகளின் தரம் போதாது, உறுதியாக ஒன்றும் சொல்வதற்கில்லை என்று முடித்தது. என் கணிப்பு: சிலருக்கு உண்மையிலேயே பயன்படுகிறது, யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இரண்டு மூன்று மாதத்தில் எந்த மாற்றமும் இல்லையென்றால் நிறுத்திவிடுவதுதான் சரி.

இனி ஆபத்துகள். இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்ற பேச்சை விட்டுவிட வேண்டும். உடம்பில் வேலை செய்கிற எதுவும் கல்லீரல் வழியாகவும் சிறுநீரகம் வழியாகவும்தான் போகிறது. ஆட்டு வாடை அடித்த பாய் ஷியான் பி கல்லீரல் பாதிப்போடு தொடர்புபடுத்தப்பட்ட மூலிகை. எனவே ஆரம்பிக்கும் முன் கல்லீரல், சிறுநீரக ரத்தப் பரிசோதனை, ஒரு மாதத்தில் மறுபடி, தொடர்ந்து சாப்பிட்டால் சில மாதத்துக்கு ஒரு முறை. பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) காரணத்தைச் சொன்னேன், எடுத்துக்கொடுத்தார்கள். கண் மஞ்சளானாலோ, சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ, பசியே இல்லாமல் உடம்பு சோர்ந்தாலோ அன்றே மருந்தை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சிறுநீரகத்தின் கதை இன்னும் கொடியது. ஷியாவ் ஃபெங் சானிலும் லண்டன் வாய்ப்பாட்டிலும் மு தொங் என்ற கொடித்தண்டு வருகிறது. அந்த ஒரே பேரில் வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு செடிகளை விற்றிருக்கிறார்கள். அவற்றில் ஒன்று அரிஸ்டோலோகியா இனத்தைச் சேர்ந்தது. அதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைத் திரும்பச் சரிசெய்ய முடியாதபடி அழிக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மருந்து சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் இதே இனத்தின் இன்னொரு செடி மாறி வந்ததால் பாதிக்கப்பட்டார்கள். 1999இல் பிரிட்டனில் எக்ஸிமாவுக்காகக் கஷாயம் குடித்த இருவரின் சிறுநீரகம் முழுக்கச் செயலிழந்த செய்தி வந்தது. 2003இல் சீனாவே அந்த வகை மு தொங்கைத் தடை செய்தது. என் சீட்டில் மு தொங் இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்டேன். "நான் அதைச் சேர்ப்பதே இல்லை, பதிலுக்கு வேறு மூலிகை போடுகிறேன்" என்று எழுதிக் காட்டினார். நம் ஊர் ஆடுதின்னாப்பாளையும் ஈஸ்வரமூலியும் இதே அரிஸ்டோலோகியா இனம் என்பதைத் தமிழ் வாசகர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கரப்பானுக்கு ஆடுதின்னாப்பாளையை அரைத்துக் குடிக்கச் சொல்லும் வீட்டு வைத்தியக் குறிப்புகள் இன்றும் சுற்றுகின்றன. தயவுசெய்து குடிக்காதீர்கள்.

அடுத்து களிம்பு. தோழியின் மகளுக்குக் கன்னமெல்லாம் எக்ஸிமா. உறவினர் ஒருவர் எங்கோ ஒரு கடையில் "முழுக்க முழுக்க மூலிகை" என்று சொல்லி விற்ற களிம்பை வாங்கிக் கொடுத்தார். சின்ன வெள்ளை டப்பா, மேலே ஒரு பூப்படம், உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. மூன்றே நாளில் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது, வீடே கொண்டாடியது. டப்பா தீர்ந்ததும் கன்னம் செக்கச்செவேலென்று வீங்கி வெடித்தது. மறுபடி தடவினால் அடங்கும், நிறுத்தினால் எரியும். சில மாதத்தில் தோல் காகிதம்போல் மெலிந்து அடியில் சிவப்பு நரம்புகள் தெரிந்தன. தோல் மருத்துவர் பார்த்ததுமே கடுமையான ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்றார். பச்சைக் குழந்தையின் முகத்துக்கு எந்த மருத்துவரும் எழுதித் தராத வீரியத்தை அந்த அம்மா மூலிகை என்று நம்பித் தடவியிருக்கிறாள். குற்றம் அவளுடையதே இல்லை, மறைத்து விற்றவனுடையது.

இது அபூர்வமும் இல்லை. லண்டனில் 1999இல் 11 சீன மூலிகைக் களிம்புகளைச் சோதித்ததில் எட்டில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருந்தது. 2003இல் பர்மிங்காமில் எக்ஸிமாக் குழந்தைகளுக்குத் தடவிய 24 மூலிகைக் களிம்புகளில் இருபதில் ஸ்டீராய்டு இருந்தது. கசப்பான உண்மை என்னவென்றால், உண்மையான மூலிகை மெதுவாகத்தான் வேலை செய்யும். மூன்று நாளில் அதிசயம் நடந்தால் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சாப்பிடும் மாத்திரைக்கும் இது பொருந்தும்: பசி திடீரென்று கூடி, முகம் உருண்டு, எடை ஏறினால் அதிலும் ஸ்டீராய்டு இருக்கலாம். அப்படிச் சந்தேகம் வந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம், மருத்துவர் படிப்படியாகத்தான் இறக்குவார். டப்பாவைத் தூக்கிப் போடாமல் கையோடு எடுத்துப் போங்கள், அவர்கள் சோதனைக்கு அனுப்ப முடியும்.

கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு இன்னொன்று. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்குச் சில மூலிகைகள் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து, மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும். சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி ரத்தத்திலேயே இதைச் சோதித்துவிடுகிறார்கள். சூட்டைத் தணிக்கக் கொடுக்கும் ஹுவாங் லியான் என்ற மூலிகை பச்சைக் குழந்தைகளின் காமாலையைக் கூட்டுகிறது என்ற அச்சத்தால் அதிலுள்ள பெர்பெரின் என்ற பொருளை 1978இல் இங்கே தடை செய்து, 2013இல் தொடங்கித்தான் அந்தத் தடையைப் படிப்படியாக விலக்கினார்கள். குறைபாடுள்ள குழந்தைகளுக்கு அதோடு ஜின் யின் ஹுவா பூ, முத்துப் பொடி, கோரோசனை எல்லாமே வேண்டாம் என்கிறார்கள். நம் மருதாணியும் இவர்களுக்கு ஆபத்துதான். கையில் காலில் வைத்த மருதாணியாலேயே ரத்தம் உடைந்த குழந்தைகள் உண்டு.

என் அண்ணனுக்குச் சோரியாசிஸ், தோல் செதில் செதிலாக உரியும் நோய். நான் தேறியதைப் பார்த்துவிட்டு, "எனக்கும் ஏதாவது கேளேன்" என்றான். அவனுக்காகத் தேடியபோது கிடைத்தது ச்சிங் தாய், நீலச் சாயம் எடுக்கும் செடிகளின் இலையை ஊறவைத்து எடுக்கும் பொடி. தைவானின் சாங் குங் மருத்துவமனையில் லின் யின்கு என்ற மருத்துவர் இதைத் தைலத்தில் குழைத்துச் சோரியாசிஸ் திட்டுகளில் தடவி, 2008இல் 42 பேரிடம் சோதித்து நல்ல முடிவு வெளியிட்டார். தோலும் துணியும் நீலமாகும் என்பதுதான் அதிலுள்ள தொல்லை. திண்டிவனம் பக்கம் அவுரியிலிருந்து நீலம் எடுக்கிறார்களே, அதையே தடவலாமா என்று அண்ணன் கேட்டான். வேண்டாம் என்றேன். செடி வேறு, சுத்தம் செய்யும் முறை வேறு, தலைக்குச் சாயம் போட விற்கும் பொடியில் என்ன கலந்திருக்கிறதோ. ச்சிங் தாயை வாய்வழியாகச் சாப்பிடவே கூடாது. பெருங்குடல் புண் நோய்க்காகத் தாங்களே வாங்கிச் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் ரத்தக் குழாய் அழுத்தம் வந்ததால் 2016இல் ஜப்பான் அரசு எச்சரிக்கை விட்டது.

சின்ன விஷயங்கள் சில. மூலிகைச் சீட்டைப் படமெடுத்துப் போனில் வைத்திருங்கள், எந்த மருத்துவமனைக்குப் போனாலும் காட்டலாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்குத் தாங் குவெய் என்ற சீன மூலிகை ஒத்துவராது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதிமதுரத்தைத் தொடர்ந்து சாப்பிட்டால் அழுத்தம் ஏறும். கர்ப்பமாக இருந்தாலோ, குழந்தைக்கு முயன்றாலோ முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். கு ஷென் போட்ட கழுவு நீரை முழுக்க ஆறவைத்து, முன்கையில் சின்ன இடத்தில் தடவி ஒரு நாள் பார்த்த பிறகே மற்ற இடத்துக்குப் போங்கள். சுடச்சுடக் கழுவினால் அந்த நேரம் இதமாக இருக்கும், இரவு அரிப்பு இரட்டிப்பாகும். தோலில் நீர் வடிந்து மஞ்சள் பொருக்குக் கட்டினாலோ, காய்ச்சலோடு கொத்துக் கொத்தாகக் கொப்புளம் வந்தாலோ அது தொற்று, கஷாயத்தால் தீராது, அன்றே ஆஸ்பத்திரி.

தோழியின் மகளுக்குத் தோல் மருத்துவர் வீரியத்தைப் படிப்படியாக இறக்கி, முகத்துக்கென்றே உள்ள ஸ்டீராய்டு இல்லாத களிம்புக்கு மாற்றினார். கன்னம் தேற ஒரு வருடம் ஆனது. அதன் பிறகு, "என் பொண்ணுக்கு நீ குடிச்ச கஷாயத்தைக் கொடுக்கலாமாடி?" என்று தோழி கேட்டாள். என் பொட்டலம் என் நாக்கையும் நாடியையும் பார்த்து எழுதியது, அதை இன்னொருவருக்குப் பிரித்துக் கொடுக்கக் கூடாது என்றேன். அவளை என் மருத்துவரிடமே அழைத்துப் போனேன். அவர் குழந்தையைப் பார்த்துவிட்டு, "இப்போ நல்லா இருக்கே, மாய்ஸ்சரைசரை விடாமல் தடவுங்க. மருந்து எதுவும் வேண்டாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.